நாலுக்கும் ஆறுக்கும் நடுவே

ராஜபாளையத்து நூல் மில்களில் எது கெட்டாலும் முதல் பழி பஞ்சின் மேல்தான் விழும். மோட்டார் எரிந்ததா, உள்ளே பஞ்சு அடைத்திருக்கும். பெல்ட் அறுந்ததா, பஞ்சு சுற்றியிருக்கும். பஞ்சுக்கு வாய் இல்லை, மறுத்துப் பேசாது. இரண்டாவது பழி, பஞ்சைத் துடைக்க வேண்டியவர் மேல் விழும். அவருக்கு வாய் உண்டு, கேட்கத்தான் ஆள் இருக்காது.

போன வருஷம் ஜூலை மாதம் அந்த இரண்டாவது பழி எலினாவின் மேல் விழுந்தது.

எலினாவுக்கு ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர், வயது நாற்பத்தொன்று. பத்தாவது முடித்து ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீசியன் பிரிவில் சேர்ந்தபோது வகுப்பில் முப்பத்திரண்டு பேர். அதில் பெண் அவள் ஒருத்திதான். முதல் நாள் வாத்தியார், “தையல் வகுப்பு அடுத்த கட்டடம்மா” என்றார். அவள் எழுந்திருக்கவில்லை. படித்து முடித்து, ராஜபாளையத்தில் ஒரு மோட்டார் வைண்டிங் பட்டறையில் மூன்று வருஷம் செம்புக்கம்பி சுற்றினாள். பிறகு மில்லில் உதவி ஆளாகச் சேர்ந்து, பதினாறு வருஷத்தில் எலெக்ட்ரிக்கல் சூப்பர்வைசர் ஆனாள். மின்சுவிட்சுப் பெட்டிகள் இருக்கிற பேனல் அறைக் கதவில் அவள் பெயர் போட்ட பலகை தொங்கியது. அந்த மில்லில் கதவில் பெயர் தொங்கிய முதல் பெண் அவள்தான். இதைச் சொன்னால் கண்ணேறு படும் என்பார்கள். பட்டால் படட்டும், உண்மையைச் சொல்லித்தானே ஆக வேண்டும்.

வேலையில் அவளுக்கென்று ஒரு ஒழுங்கு உண்டு. எந்தப் பேனலைத் திறக்குமுன்னும் புறங்கையைக் கதவில் வைத்துச் சூடு பார்ப்பாள். சனிக்கிழமை நாலு மணிக்குப் பேனல்களில் காற்றடித்துப் பஞ்சுத் தூசியை வெளியேற்றுவாள். அது முடிய ஐந்தரை ஆகும். பிறகு நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ் ஏறினால், ஆறரைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் கிறிஸ்தவக் கோயில் பாடகர் குழுவின் பயிற்சிக்குச் சரியாக இருக்கும்.

பாடகர் குழுவிலும் அவள் இல்லாமல் ஆகாது. கரண்டு போய் கீபோர்டு ஊமையானால் எல்லோரும் அவள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். கண்ணை மூடி ஒரு சுரம் கொடுப்பாள். கரண்டு வந்தபின் வாசித்துப் பார்த்தால் மயிரிழை பிசகாது. ஆல்ட்டோ என்கிற கீழ்ஸ்தாயிப் பெண்குரல் வரிசையில் பக்கத்தில் நிற்கிற அக்கா ஏசம்மாளுக்கு அந்தக் காதில் பாதி கூட வாய்க்கவில்லை.

சரி, பழிக்கு வருவோம்.

மில்லில் கப்பாசிட்டர் என்று வரிசையாகச் சில டப்பாக்கள் உண்டு. மோட்டார்கள் மின்சாரத்தை வீணாக இழுக்காமல் அவைதான் ஈடு கொடுக்கும். ஜூன் மாத முதல் ஞாயிற்றுக்கிழமை அதில் ஒன்று வெடித்தது. மூன்றாம் ஞாயிறு இன்னொன்று. ஒவ்வொரு தடவையும் ஃபிட்டர் சோலைச்சாமி போனதைவிடப் பெரிதாக ஒன்றை வாங்கி மாட்டினார். “பெருசாப் போட்டாத் தாங்கும்லா” என்பது அவர் கட்சி. ஜூலை முதல் ஞாயிறு வெடித்தபோது தீயும் பிடித்து, மில் ஒன்பது மணி நேரம் நின்றுபோனது.

திங்கட்கிழமை மேனேஜர் சௌந்தரபாண்டியன் அவளைக் கூப்பிட்டார்.

“ஏம்மா எலினா, மூணும் ஞாயித்துக்கெழமை. சனிக்கெழமை நீ காத்தடிச்சுட்டுப் போற, மறுநாள் வெடிக்கி. இதுக்கு என்ன அர்த்தம்?”

“பஞ்சு இல்ல சார். நான் துடைச்ச எடத்துல வெரலை வச்சுப் பாருங்க.”

“பாட்டு வகுப்புக்கு ஓடுத அவசரத்துல துடைச்சா அப்படித்தான் இருக்கும்.”

“அவசரமா நான் ஒரு ஸ்க்ரூகூட முடுக்குனதில்ல சார்.”

அவர் ஒரு தாளை நீட்டினார். ‘சனிக்கிழமைத் துப்புரவில் அஜாக்கிரதை’ என்று இருந்தது. இனி ஒரு தடவை வெடித்தால் சூப்பர்வைசர் பொறுப்பு போகும், மறுபடி உதவி ஆள் வேலைதான். மறு உத்தரவு வரை ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வர வேண்டும். ஒரு பிரதி கேன்டீன் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டப்பட்டது.

பொறுப்பு போனால் சம்பளம் குறையும். ஆனால் எலினாவைச் சுட்டது ‘அஜாக்கிரதை’ என்ற அந்த ஒரு சொல். இத்தனை வருஷம் அவள் அண்டவிடாத சொல் அது. இப்போது நூல் பிரிவுப் பெண்கள் எல்லோரும் டீ குடித்துக்கொண்டே அதை வாசிக்கிறார்கள்.

அடுத்த ஞாயிறு, கோயில் மணி அடிக்கிற நேரத்தில், எலினா மில் பேனல் அறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் ஞாயிற்றுக்கிழமை மில்லைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அன்று வார விடுமுறை. பஞ்சு உடைக்கிற பிரிவு, கம்ப்ரசர், பழைய மெஷின்கள் எல்லாம் ஓய்வு. புதிதாக வாங்கிய ஆறு நூற்பு மெஷின்கள் மட்டும் ஓடின. அந்த ஆறுக்கும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற டிரைவ் என்ற மின்கருவி உண்டு.

மற்ற நாட்களில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. இன்று கேட்டது. கப்பாசிட்டர் பேனலிலிருந்து வழக்கமான ‘ம்ம்ம்’ வந்தது. அது எல்லா ஊரிலும் எல்லா டிரான்ஸ்ஃபார்மரும் போடுகிற சத்தம். ஆனால் அதன் மேல் இன்னும் இரண்டு குரல்கள் ஏறி நின்றன. வழக்கமான சத்தத்தை ‘ச’ என்று வைத்தால், ஒன்று மேல் ‘ச’. மற்றது அதற்கும் மேலே ‘ப’.

எலினா எழுந்துபோய்ப் புறங்கையைப் பேனல் கதவில் வைத்தாள். சுட்டது.

கப்பாசிட்டர்களை நிறுத்தினாள். இரண்டு குரலும் அடங்கின. மறுபடி போட்டாள். வந்தன. டிரைவ் மெஷின்களை ஒன்றொன்றாக நிறுத்தச் சொன்னாள். ஒவ்வொன்று நிற்கும்போதும் குரல் ஒரு படி தணிந்தது. செல்போனில் பாடகர் குழுவுக்காக வைத்திருந்த சுருதி பார்க்கிற செயலியைத் திறந்து பேனல் அருகே பிடித்தாள்.

சோலைச்சாமி வாசலில் நின்று பார்த்தார். “என்னக்கா, பேனலுக்குத் தாலாட்டா?”

“ஷ்ஷ்… அதுதாண்ணே எனக்குப் பாடுது. நீங்க வாயை மூடுங்க.”

நோட்டில் எழுதினாள்: நூறு, இருநூறு, முந்நூறு. மின்சாரம் நொடிக்கு ஐம்பது தடவை முன்னும் பின்னும் ஆடுகிறது. முன்னே போகும்போது ஒரு இழுப்பு, பின்னே வரும்போது ஒரு இழுப்பு. அதனால் டப்பாவின் சத்தம் நூறு. அது சரிதான். இருநூறு என்பது ஐம்பதில் நாலு மடங்கு. முந்நூறு, ஆறு மடங்கு. இந்த நாலும் ஆறும் எங்கிருந்து வந்தன?

டிரைவ் கம்பெனியின் மதுரை என்ஜினியர் தாமோதருக்குப் போன் போட்டாள். அவன் மொத்தத்தையும் கேட்டுவிட்டு, “ஹார்மோனிக்ஸ் பிரச்சினைதான் மேடம். ஆனா நாலும் ஆறும் வரவே வராது” என்றான். “எங்க டிரைவ் அஞ்சு மடங்கு, ஏழு மடங்கு, பதினொண்ணு, அப்படித்தான் அனுப்பும். காது சொல்றத நம்பாதீங்க. மீட்டர் வச்சு அளந்தாத்தான் உண்டு.”

“என் காது தப்பாது தம்பி.”

“அப்போ எங்க கம்பெனி தப்பா?” என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பு அவள் காதிலேயே நின்றது. ஹார்மோனிக்ஸ் என்ற சொல்லும்தான். ஹார்மோனியம் அவளுக்குத் தெரியும். ஹார்மனி என்றால் நாலு குரல் சேர்ந்து பாடுவது, அதுவும் தெரியும். அந்தச் சொல்லுக்கு எரிந்த கப்பாசிட்டரிடம் என்ன வேலை?

சாயங்காலம் நேரே கோயில் ஐயர் வீட்டுக்குப் போனாள்; பாதிரியாரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். சபைக்குப் புதிதாக வந்த ஐயர் அலெக்ஸ் அவளைவிடப் பத்து வயது சின்னவர். குருத்துவக் கல்லூரியில் கிரேக்கம் படித்தவர். படித்ததைக் கேட்க ஆளில்லாமல் இருந்தவர்.

“காலைல ஒங்க இடம் காலியா இருந்துச்சே அக்கா. ஆல்ட்டோ ஆளுக்கொரு தெசையாப் போச்சு” என்றார்.

“அது கெடக்கட்டும் ஐயா. ஹார்மோனிக்ஸ்னா என்ன? எங்கேருந்து வந்த சொல்லு?”

அலெக்ஸ் முகம் மலர்ந்துவிட்டது. “கிரேக்கச் சொல்லு அக்கா. ‘ஹர்மோஸ்’னா பொருத்து. ரெண்டு பலகைய எழைச்சு, ஒண்ணோட ஒண்ணு எடுப்பா ஒக்கார வைக்கிற எடம். அந்த இணைப்புக்குத்தான் ‘ஹர்மோனியா’ன்னு பேரு. கப்பல் கட்டுறவங்க பேச்சுலகூட வரும்.”

“தச்சு வேலையா!”

“மொதல்ல தச்சு வேலை. பொறவு சுரங்கள் ஒண்ணோட ஒண்ணு பொருந்துறதுக்கும் அதையே சொன்னாங்க. ஒரு தந்தியை மீட்டுனா ஒரு குரல் மட்டும் வராதுல்லா? அதுக்கு ரெண்டு மடங்கு, மூணு மடங்கு வேகத்துலயும் குட்டிக் குரல்கள் சேர்ந்தே வரும். அந்த மடங்குகளுக்கு ஹார்மோனிக்ஸ்னு பேர் வந்துச்சு. பொறவு கணக்குக்காரங்க எடுத்துக்கிட்டாங்க. கடைசியா ஒங்க ஆளுங்க கரண்டுக்கும் வச்சுட்டாங்க.”

எலினா ‘இசை’ என்று ஒரு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு, “நம்ம சொல்லும் அப்படித்தானே ஐயா?” என்றாள். “இசைன்னா பாட்டு. இசையுறதுன்னா பொருந்துறது, ஒத்து வாரது. ரெண்டும் ஒரே சொல்லுல்லா?”

அலெக்ஸ் நெற்றியில் தட்டிக்கொண்டார். “நாலு வருஷம் கிரேக்கம் படிச்சேன் அக்கா. இது எனக்குத் தோணவே இல்ல.”

வீட்டில் பிளஸ் ஒன் படிக்கிற மகள் ஆஷிகாவின் இயற்பியல் புத்தகத்தை எடுத்துப் பார்த்தாள். அங்கே அதற்குச் ‘சீரிசை’ என்று பெயர்.

“அம்மா, நாளைக்கு எனக்கு டெஸ்ட்டு. நீ படிச்சு என்ன செய்யப் போற?” என்றாள் மகள்.

“எனக்கும் டெஸ்ட்டுதாம்டி. நீ பெயிலானாத் திருப்பி எழுதலாம்.”

அவள் உண்மையாகவே பரீட்சைக்குத்தான் நின்றாள். மறுநாளே முதலாளியைப் பார்த்து, அடுத்த ஞாயிறு மீட்டர் வரவழைத்து அளக்க வேண்டும் என்று கேட்டாள். முதலாளி ராஜபாளையத்து ராஜு. எதையும் எடுத்தவுடன் மறுக்காத மனிதர்.

“அளந்தா என்ன காட்டும்மா?” என்று கேட்டார்.

“சனிக்கெழமை சொல்லுதேன் சார்.”

பக்கத்தில் நின்ற சௌந்தரபாண்டியன், “மீட்டர் வாடகை, என்ஜினியர் வண்டிச் செலவு… இதெல்லாம் ஒரு ஆள் காதை நம்பியா சார்?” என்றார். முதலாளி அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, “சரே, சூத்தாம்” என்றார் தெலுங்கில். பார்ப்போம் என்று அர்த்தம்.

வாரம் முழுக்க நாலும் ஆறும் அவளைத் துரத்தின. காது நாலு என்கிறது, ஆறு என்கிறது. கம்பெனிக்காரன் இரண்டும் வராது என்கிறான். இரண்டில் ஒன்று பொய்யாக வேண்டும். தன் காதுதான் பொய் என்றால், அந்தத் தாளில் இருப்பது நிலைத்துவிடும்.

சனிக்கிழமை காற்றடித்து, கையெழுத்துப் போட்டு, பஸ் ஏறிப் பயிற்சிக்குப் போனாள். அன்று கீபோர்டோடு கோயிலின் பழைய ஹார்மோனியத்தையும் சேர்த்து வாசித்தார்கள். ஹார்மோனியம் கொஞ்சம் சுருதி இறங்கியிருந்தது. இரண்டும் ஒரே சுரத்தைப் பிடித்ததும் ‘வொய்ங்… வொய்ங்…’ என்று ஒரு விம்மல் எழுந்தது.

பாடகர் குழுவில் எல்லோருக்கும் பழக்கமான விம்மல் அது. கிட்டார்க்காரர்கள் தந்தியை முறுக்குவதே அதைக் கேட்டுத்தான். இரண்டு சுரமும் நெருங்க நெருங்க விம்மல் மெதுவாகும்; ஒன்றானதும் நின்றுவிடும். எலினா வழக்கப்படி மனதுக்குள் எண்ணினாள். நொடிக்கு நாலு விம்மல். அப்படியென்றால் இரண்டுக்கும் வித்தியாசம் நாலு.

சட்டென்று பாட்டை நிறுத்திவிட்டாள்.

அந்த விம்மல் கீபோர்டிலும் இல்லை, ஹார்மோனியத்திலும் இல்லை. இரண்டும் சந்திக்கிற இடத்தில் பிறக்கிறது. இரண்டு ஆட்டம் ஒரு இடத்தில் மோதினால் கேட்பது அவற்றின் வித்தியாசம். கப்பாசிட்டர் டப்பாவுக்குள்ளும் இரண்டு ஆட்டம் மோதுகின்றன. ஒன்று மின்வாரியம் அனுப்புகிற ஐம்பது. அதை ஒன்று என்று வைத்துக்கொள். மற்றது டிரைவ் அனுப்புவது, ஐந்து. ஐந்தில் ஒன்று போனால் நாலு. ஐம்பது தன்னோடு தானே சேர்ந்து நூறானது மாதிரி, ஐந்தோடு ஒன்று சேர்ந்தால் ஆறு!

காதும் பொய் சொல்லவில்லை. கம்பெனிக்காரனும் பொய் சொல்லவில்லை. ஐந்து என்கிறவன் நாலையும் ஆறையும் பேச வைத்துவிட்டு நடுவில் ஒளிந்திருக்கிறான்.

பக்கத்தில் ஏசம்மாள் முழங்கையால் இடித்தாள். “ஏட்டி, ஆல்ட்டோ எங்கட்டி போச்சு?”

“அஞ்சுக்கா! அஞ்சு!”

“அஞ்சாம் சரணம் முடிஞ்சு செத்த நேரமாச்சுட்டி.”

மற்றதெல்லாம் அதன் பின்னாலேயே வந்தது. பெரிது பெரிதாகக் கப்பாசிட்டர் மாட்ட மாட்ட, அவையும் டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்து அந்த ஐந்து மடங்கு ஆட்டத்துக்குச் சரியாகப் பொருந்துகிற இடத்துக்கு வந்துவிட்டன. தச்சன் இழைத்த பலகை மாதிரி எடுப்பாக உட்கார்ந்துவிட்டன. ஊஞ்சல் போகிற நேரம் பார்த்துத் தள்ளினால் உயரம் ஏறிக்கொண்டே போகும் அல்லவா, அப்படி ஏறியது. வார நாட்களில் பழைய மோட்டார்கள் எல்லாம் ஓடி அந்த ஆட்டத்தில் கொஞ்சத்தைக் குடித்துத் தணித்தன. ஞாயிற்றுக்கிழமை தணிக்க ஆளில்லை. அதனால் ஞாயிறு வெடித்தது. பஞ்சு பாவம்.

பயிற்சி முடிந்ததும் முதலாளிக்குப் போன் போட்டாள். “சார், மீட்டர்ல அஞ்சு காட்டும். மத்ததெல்லாம் கம்மியா இருக்கும், அஞ்சு மட்டும் பனைமரமா நிக்கும். கப்பாசிட்டரை எடுத்தா சுருங்கிரும்.”

“இல்லேன்னா?”

“என் பேரு போட்ட பலகைய நானே கழட்டித் தாரேன் சார்.”

ஞாயிறு காலை தாமோதர் பெட்டியோடு மதுரையிலிருந்து வந்தான். முதலாளி, சௌந்தரபாண்டியன், சோலைச்சாமி எல்லோரும் பேனல் அறையில் நெருக்கியடித்து நின்றார்கள். தாமோதர் கம்பிகளில் வளையங்களை மாட்டி, மீட்டரைத் திருப்பி எல்லோரும் பார்க்க வைத்தான். திரையில் வரிசையாகக் கோடுகள் முளைத்தன. ஏழின் மேல் ஒரு விரல்கடை, பதினொன்றின் மேல் அதற்கும் குறைவு. ஐந்தின் மேல் எழுந்த கோடு திரையின் பாதியைத் தாண்டி நின்றது.



“கப்பாசிட்டரை எடுங்கண்ணே” என்றாள் எலினா. சோலைச்சாமி எடுத்தார். பேனலின் மேல்குரல் இரண்டும் நின்றன. திரையில் ஐந்து பொசுக்கென்று சுருங்கியது. “போடுங்க.” மறுபடி எழுந்தது. முதலாளி தானே ஒரு தடவை எடுக்கச் சொல்லி, போடச் சொல்லிப் பார்த்தார். மூன்றாம் தடவை ஆசைக்காகவே பார்த்தார்.

தாமோதர் அவள் பக்கம் திரும்பினான். “மேடம், நாலும் ஆறும் கேட்டுதுன்னீங்களே… அஞ்சுன்னு எப்படிப் பிடிச்சீங்க?”

“நீங்க அளக்குறதுக்கு முந்தி நாங்க எண்ணுவோம் தம்பி” என்று சொல்லி, விம்மல் கணக்கை விளக்கினாள். அவன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டான்.

சோலைச்சாமி தலையைச் சொறிந்தார். “அப்போ நான் பெருசாப் பெருசா மாட்டுனது…?”

“வெடிக்கு மருந்து ஏத்துனீங்கண்ணே.”

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், இதற்கு என்ன வழி என்று கேட்டார். கப்பாசிட்டரோடு ஒரு கம்பிச்சுருள் சேர்க்க வேண்டும் என்றான் தாமோதர். அதன் பெயர் டீட்யூன்டு ரியாக்டர். அதாவது வேண்டுமென்றே சுருதியை விலக்குகிற சுருள். ஐந்தோடு பொருந்துகிற இடத்திலிருந்து டப்பாக்களை அது நகர்த்திவிடும். வாழ்நாளெல்லாம் சுருதி சேர்த்தவளுக்கு, சுருதியைப் பிரிக்கிற வேலை ஒன்று கைக்கு வந்தது.

ஐந்து வாரத்தில் சுருள்கள் வந்தன; அதுவரை ஞாயிறுகளில் கப்பாசிட்டர்களை எலினா நிறுத்தியே வைத்தாள். எலினாவும் சோலைச்சாமியும் இரண்டே நாளில் மாட்டி முடித்தார்கள். அடுத்த ஞாயிறு ஆறு மெஷினும் முழு வேகத்தில் ஓட, முதலாளி முன்னால் அவளே சுவிட்சைப் போட்டாள். பேனலில் ‘ம்ம்ம்’ என்ற ஒரே குரல் மட்டும் கேட்டது. புறங்கையை வைத்துப் பார்த்தாள். குளிர்ந்திருந்தது.

மறுநாள் காலை சௌந்தரபாண்டியனே பேனல் அறைக்கு வந்தார். அவர் கீழே இறங்கி வருவது அபூர்வம்.

“ஏம்மா, நான் அவசரப்பட்டுட்டேன். அந்தத் தாளை வாபஸ் வாங்கிட்டேன். ஞாயித்துக்கெழமை வர வேண்டாம். போதும்லா?”

“போதாது சார். சும்மா தாளைக் கழட்டுனா, ஏதோ பாவம் பார்த்து விட்டுட்டாங்கன்னு நெனைப்பாங்க. காரணத்தை எழுதி அதே பலகைல ஒட்டணும்.”

 அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, பேனாவைத் திறந்தார். “சொல்லும்மா. நீ சொல்லுதபடியே எழுதுதேன். இந்த ஹார்மோனிக்ஸைத் தமிழ்ல எப்படிம்மா எழுத?”

“சீரிசைன்னு எழுதுங்க சார். பாடப் புத்தகத்துல இருக்கு. பக்கத்துலயே ஹார்மோனிக்ஸ்னும் போட்டுருங்க, எல்லாருக்கும் வெளங்கட்டும்.”

பத்து மணி டீ இடைவேளையில் கேன்டீன் பலகை முன்னால் நூல் பிரிவுப் பெண்கள் கூடிவிட்டார்கள். கமலினி என்ற சின்னப் பெண் எல்லோருக்குமாக உரக்க வாசித்தாள்: “கப்பாசிட்டர்கள் வெடித்ததற்குக் காரணம் ஐந்தாம் சீரிசை, அதாவது ஹார்மோனிக்ஸ். துப்புரவில் எந்தக் குறையும் இல்லை. இதைக் காதால் கேட்டு, கணக்கிட்டு, மீட்டர் வருமுன்பே சரியாகச் சொன்னவர் எலெக்ட்ரிக்கல் சூப்பர்வைசர் எலினா. முன்பு ஒட்டிய தாள் தவறு. ஒப்பம், சௌந்தரபாண்டியன், மேனேஜர்.”

கூட்டத்தின் பின்வரிசையில் எலினா டம்ளரைப் பிடித்தபடி நின்றாள். டீ ஆறிக்கொண்டிருந்தது, அவள் குடிக்கவில்லை.

எழுத்து தெரியாத வெள்ளத்தாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, பலகைக்கு நேரே நின்றாள்.

“‘தாள் தவறு’ன்னதுக்கு முந்துன வரி, அது என்னட்டி? அவ பேரு வருதே, அதை இன்னொரு தரம் வாசி. சத்தமா வாசிட்டி, மெஷின் ஓடுதுல்லா.”